தோள்சீலையும் தொப்பியும்

நாஞ்சில் நாட்டின் இலண்டன் மிஷன் சபைகள், இங்கிலாந்தின் அரச திருச்சபையிலிருந்து விலகி நின்ற மரபில் வந்தவை. அந்த மரபில் பேராயர் கிடையாது. சபை தன் காரியங்களைத் தானே தீர்மானிக்கும். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மதக் கொந்தளிப்பில் தோன்றிய குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவக் குழுவினர் குருமாரே வேண்டாம் என்றனர். மேலோர் முன் தொப்பியைக் கழற்ற மறுத்துச் சிறைக்கும் போனார்கள்.

நாஞ்சில் நாட்டு மயிலாடியின் வேதமாணிக்கம் சாம்பவர் குலத்தவர். 1806-இல் மிஷனரி ரிங்கல்தௌபே அவ்வூருக்கு வந்தது அவருடைய முயற்சியால்தான். 1816-இல் அந்த மிஷனரி போனபின், அடுத்தவர் வரும்வரை சபைகளைக் காத்தவரும் அவரே. பின்னர் பெருந்திரளாகச் சேர்ந்த நாடார்களால் சபையின் முகம் மாறியது.

இச்சபைகள் இருந்த திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் மேல்சாதியார் முன் மார்பை மறைக்கக் கூடாது என்றிருந்தது. திறந்திருப்பதே மரியாதை எனப்பட்டது. 1814-இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் மன்றோ கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணிய அனுமதித்தார். அவர்களோ அதன்மேல் மேல்சாதிப் பெண்களைப்போல் தோள்சீலையும் போட்டனர். சந்தைகளில் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1823-இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; 1829-இன் அரச ஆணை குப்பாயத்தை விட்டுவைத்துத் தோள்சீலையைத் தடுத்தது. 1859-இல்தான், கலவரங்களுக்குப் பின், கிறிஸ்தவரல்லாத நாடார் பெண்களுக்கும் மார்பை மறைக்கும் உரிமை வந்தது. அப்போதும் மேல்சாதியாரைப்போல் உடுத்தக் கூடாதென்ற நிபந்தனை நீங்கவில்லை.

தொப்பியைக் கழற்ற மறுத்தவரும் சீலையைக் கழற்ற மறுத்தவரும் சொன்னது ஒன்றே: கடவுளுக்கு உரிய வணக்கத்தை மனிதர் கேட்கக் கூடாது. எளிய உடையை அடையாளமாகக் கொண்டிருந்த குவேக்கர்கள் 1860-இல் அதைக் கட்டாயமில்லை என்று தளர்த்தினர். நாஞ்சில் நாட்டிலோ அதே ஆண்டுகளில் உடைதான் சபையின் அடையாளமாக உறுதிப்பட்டது.

ஆனால் வெளியே கேட்ட சமத்துவம் உள்ளே எளிதில் வரவில்லை. தோள்சீலைப் பெண்களுக்காக வாதாடிய மிஷனரி மீட் 1850-களின் தொடக்கத்தில் சாம்பவர் எனவும்படும் பறையர் சமூகத்துப் பெண்ணை மணந்தார். எழுந்த எதிர்ப்பில் மிஷனைவிட்டே விலக நேர்ந்தது. வேதமாணிக்கம் நட்ட சபையில் இது நடந்தது என்பது பெரும் வேதனை.

1908-இல் இச்சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பேராயர்களையும் ஏற்றன. 1959-இல் கன்னியாகுமரிப் பேராயம் தனியே அமைந்தது. ஆட்சிமுறையில் இது தலைகீழ் மாற்றம். எனினும் பழைய மரபு முற்றும் அற்றுப்போகவில்லை: பேராயர் பதவிக்கான பெயர்ப்பட்டியலைச் சபைகளின் பிரதிநிதிகள் கூடும் பேராய மன்றமே வாக்களித்துத் தருகிறது.