எச்சமும் அன்னமா?

தைத்திரீய உபநிடதத்தில் பிருகு தன் தந்தை வருணனிடம் பிரம்மம் எதுவென்று கேட்கிறான். தவம் செய்து அவன் முதலில் கண்டடையும் விடை, அன்னம். பிராணன், மனம், விஞ்ஞானம், ஆனந்தம் என்று அவன் தேடல் மேலே ஏறினாலும் உபநிடதம் அன்னத்தைக் கைவிடுவதில்லை. அன்னத்தைப் பழிக்காமலும் ஒதுக்காமலும் இருப்பதை ஒரு விரதமாகவே விதிக்கிறது.

அப்படியானால், கிழங்கிலிருந்து மாவை எடுத்த பிறகு புளித்து நாறும் தண்ணீர்? அதுவும் அன்னம்தானா?

சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இல்லை. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோக, 1940களில் அங்கே ஜவ்வரிசித் தொழில் வேர்பிடித்தது. மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி, கழுவி, அரைத்து, பாலை வடித்துத் தொட்டியில் மாவைப் படியவிடுகிறார்கள். மேலே தேங்கும் நீரில் மாவுச்சத்து மிஞ்சியிருக்கும். அதை அப்படியே ஓடையில் விட்டால் ஆக்சிஜனை உறிஞ்சி மீனைக் கொல்லும், கிணற்றையும் கெடுக்கும். காற்றுப் புகாத கலனில் அடைத்தாலோ நுண்ணுயிர்கள் அதைத் தின்று, பாதிக்கு மேல் மீத்தேன் கொண்ட எரிவாயுவைத் தருகின்றன. அந்த வாயுவில் மின்சாரம் எடுக்கும் ஆலைகள் இன்று அங்கே பல.

அதர்வ வேதத்தின் 11ஆம் காண்டத்தில் உச்சிஷ்டத்துக்கென்றே, அதாவது எச்சத்துக்கென்றே, ஒரு சூக்தம் உண்டு. வேள்வியில் மிஞ்சியதன்மேல் உலகமே நிற்பதாக அது போற்றுகிறது. பிற்கால ஆசாரம்தான் எச்சிலைத் தீட்டாக்கியது. தமிழ் இலக்கணத்தின் பார்வை இன்னும் நுட்பமானது. பெயரெச்சம் ஒரு பெயரைத் தேடி நிற்கும், வினையெச்சம் ஒரு வினையை. எச்சம் என்றால் முடிவு வேண்டிக் காத்திருப்பது என்று பொருள்.

இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லாம் எரிவாயு ஆகும் என்ற நினைப்பு வந்துவிட்டால், கல்யாண மண்டபத்தில் கை படாத சோற்றையும் மனம் உறுத்தாமல் கலனில் கொட்டத் தோன்றும். உழவரின் உழைப்பும் வயலுக்குப் பாய்ந்த தண்ணீரும் எந்த வாயுவிலும் திரும்பி வராது. பசித்தவர் ஒருவர் ஊரில் இருக்கும்வரை அந்தச் சோற்றை எரிபொருள் என்று அழைப்பது அன்னத்தைப் பழிப்பதே.

முதலில் உணவு, கடைசியில்தான் எரிபொருள் என்ற வரிசை ஜவ்வரிசி ஆலைகளில் தவறுவதில்லை. மாவு மனிதருக்குப் போகிறது. நார்ச்சக்கையான திப்பி வெயிலில் காய்ந்து மாட்டுத் தீவனமாகிறது. எந்த வாயும் ஏற்காத நீர் மட்டுமே கலனுக்குள் இறங்குகிறது.