மாயமல்ல, மதி!

இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டு மலையேறி வருவோர்க்கு ஒண்டிக்கடை தெரியாமலிராது. ஒண்டி என்றால் தனித்தது. பெயரில்தான் தனிமை! காப்பித் தோட்டத்து உழைப்பாளியும், மிளகு விற்க வந்தவரும், ஏரி காண வந்தவரும் கலந்து நிற்கும் இடம் அது. ஆளுக்கொரு கைப்பேசி. அதனுள்ளே விரல் நகத்தளவு சில்லு ஒன்று; நுண்செயலி என்பர் அதனை. "அது எப்படி ஐயா வேலை செய்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "என்னவோ மாயம்! நமக்கெதற்கு அது?" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

'நமக்கெதற்கு?' சின்னஞ்சிறு சொல்தான். ஆனால் பெரியதோர் அறக்கேள்வி அதிலே அடங்கிக் கிடக்கிறது. ஒரு கருவியைப் பயன்படுத்தத் தெரிந்தால் போதுமா? புரிந்துகொள்ளவும் வேண்டுமா?

போதும் என்போர் கூறும் காரணம் வலுவற்றதல்ல. உண்பவன் செரிமானத்தின் வேதியியலைக் கற்றா உண்கிறான்? பேருந்தில் ஏறுபவன் எந்திரத்தின் இலக்கணம் படித்தா ஏறுகிறான்? எல்லாவற்றையும் அறிந்துவிட ஒருவர் வாழ்நாள் போதாது. உண்மை, மறுப்பதற்கில்லை! ஆயினும், 'எல்லாவற்றையும் அறிய இயலாது' என்பது வேறு; 'இதை என்னால் அறியவே இயலாது' என்பது வேறு. முன்னது அடக்கம், பின்னது அடிமைத்தனம்.

மாயமென்று சொல்லப்படும் அந்தப் பெட்டியின் மூடியைச் சற்றே திறப்போமா?

மாடிப்படி விளக்கை எண்ணிப் பாருங்கள். கீழே ஒரு சுவிட்சு, மேலே ஒரு சுவிட்சு. ஒன்றைத் தட்டினால் விளக்கு எரிகிறது. மற்றொன்றையும் தட்டினால் அணைகிறது. இனி, வேறொரு விளக்கு. அதற்கும் இரண்டு சுவிட்சுகள். ஆனால் ஒரே கம்பியில் அடுத்தடுத்து நிற்பவை. இரண்டையும் போட்டால்தான் எரியும். ஒரே சோடிச் சுவிட்சுகள் இந்த இரு விளக்குகளையும் இயக்குமாறு இணைத்துவிடுங்கள். முதல் விளக்கின் மதிப்பு 1. இரண்டாம் விளக்கின் மதிப்பு 2. ஒரு சுவிட்சைப் போடுகிறோம், முதல் விளக்கு எரிகிறது, விடை 1. மற்றதையும் போடுகிறோம்; முதல் விளக்கு அணைய, இரண்டாம் விளக்கு எரிகிறது; விடை 2! ஒன்றும் ஒன்றும் இரண்டென்று கூறிவிட்டது உயிரற்ற கம்பி!

இத்தகைய அமைப்புகளை அடுக்கிக்கொண்டே போனால் எத்துணைப் பெரிய எண்ணையும் கூட்டலாம். விரலுக்குப் பதிலாக மின்சாரமே தட்டும் சுவிட்சுதான் டிரான்சிஸ்டர். 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 சில்லில் அவை 2,300. இன்று 1,000 கோடிக்கு மேல் கொண்ட சில்லுகளும் உண்டு. நினைவகத்திலிருந்து கட்டளையை எடு, அதன் பொருளை அறி, செய்து முடி, அடுத்ததற்குச் செல். நொடிக்கு 100 கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகளுக்கு இசைய ஓயாமல் நடப்பது இவ்வளவே. பாட்டும் படமும் கடிதமும் கணக்கும் இந்த எளிய அடிகளிலிருந்தே எழுகின்றன.

இது புரிகிற கணத்திலே உள்ளத்தில் ஊறுகிறதே ஓர் உவகை, அதற்கு ஈடு எது? மாயம் கலைந்தால் வியப்பும் கலைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. கலைவதில்லை, வளர்கிறது! மாயத்தின் முன்னே மனிதன் குனிகிறான். புரிந்த பொருளின் முன்னே நிமிர்கிறான். 'என்னையொத்த மனிதர் ஆக்கியது இது. என்னாலும் எட்ட முடிவது' என்ற எண்ணம் தரும் நிமிர்வு அது.

எண்ணத்தின் விதிகளை ஒன்று, சுழி என்ற இரண்டே குறிகளைக்கொண்டு கணக்கிடலாமென 1854இல் நூலெழுதிய ஜார்ஜ் பூல் யார்? இங்கிலாந்திலே செருப்புத் தைத்தவரின் மகன்! பல்கலைக்கழகத்தில் பயிலாமல், தானே கற்றுத் தேர்ந்தவர். அவருடைய கணக்கைச் சுவிட்சுகளால் செய்து காட்டலாமென்று 1937இல் நிறுவினார் கிளாடு ஷானன் என்னும் இளைஞர். இன்று கோடானுகோடிக் கைகளில் ஒளிரும் கருவிக்கு இவையே அடித்தளம்.

தொலைவில் நடந்ததென்று ஒதுக்கவும் வழியில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட 'சக்தி' நுண்செயலி, 2018இல் சண்டிகரை அடுத்துள்ள அரசு ஆய்வுக்கூடத்திலே சில்லாக உருப்பெற்றது. அதன் வடிவமைப்பை அவர்கள் பூட்டி வைக்கவில்லை. எவரும் காணலாம், கற்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்தனர். அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதி 2010இல் அமெரிக்காவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதன் அடிப்படைக் கட்டளைகள் ஏறத்தாழ 40 மட்டுமே! பள்ளிப் பிள்ளை எண்ணி முடிக்கக்கூடிய தொகை.

கதவு திறந்திருக்கிறது. படிக்கட்டு வேண்டாமா? தாய்மொழியில் தெளிவான பாடமும், கேள்வி கேட்டால் சினவாத ஆசிரியரும், தொட்டுப் பார்க்கக் கருவியும் அல்லவா அந்தப் படிக்கட்டு? அவை மலையூர்ப் பள்ளிக்கும் எட்டாவிடில், திறந்த கதவும் ஏழைக்கு மூடிய கதவே.

'உனக்கெதற்கு இது?' என்ற சொல் இந்நாட்டிலே புதிதன்று. ஏட்டைத் தொடவந்த எத்தனையோ பேரை அச்சொல் வாயிற்படியிலேயே நிறுத்தியது. அன்று பிறர் நம்மை நோக்கிக் கூறினர். இன்று 'நமக்கெதற்கு' என்று நாமே கூறிக்கொள்கிறோம். தடுத்தவன் விலகிய பிறகும் தடையைச் சுமப்பதா?

நண்பர்களே! இரண்டு சுவிட்சுகள், இரண்டு சிறு விளக்குகள், ஒரு மின்கலம், கொஞ்சம் கம்பி. தொடங்குவதற்கு இவை போதும். மகனோடும் மகளோடும் அமருங்கள். ஒன்றும் ஒன்றும் இரண்டென்று கம்பி கூறும்போது, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.