பெட்டி பாடினால் வழிபாடு ஆகுமா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் திருச்செங்கோடு போய்விடலாம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அடியார் கூட்டத்தோடு அங்கே வந்து தங்கியபோது பனிக்காலம். கொங்கு நாடெங்கும் குளிர்சுரம் பரவியிருந்தது. கூட வந்தவர்களும் படுத்துவிட்டார்கள். சம்பந்தர் ஒரு பதிகம் பாடினார். அடியார்களை மட்டுமல்ல, அந்த நாட்டையே விட்டுச் சுரம் நீங்கியது என்கிறார் பெரியபுராணத்தில் சேக்கிழார். திருநீலகண்டப் பதிகம் என்று இன்றும் சொல்லப்படுவது அதுதான். பண் வியாழக்குறிஞ்சி.

இப்போது அந்தப் பதிகத்துக்கு சம்பந்தர் வரவேண்டியதில்லை, செல்போன் போதும். ஃபேர்லேண்ட்ஸில் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை. வரவேற்பு மேசையில் சாமி படம், அதற்குக் கீழே மினுக்கும் சீரியல் பல்பு, பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி. டோக்கன் நம்பரை நர்ஸ் கூப்பிடும் சத்தத்துக்கு நடுவே அது தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். யாரும் காது கொடுப்பதில்லை. நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் மனம் வருவதில்லை.

பெட்டி பாடுவது வழிபாடா?

சில்லறைக் கேள்வி என்று தோன்றலாம். ஆனால் பக்திப் பாட்டுக்கு மெட்டுப் போட்டு, தானே பாடிப் பதிவு செய்து, ஆல்பமாக வெளியிடும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது. இளையராஜாவையே எடுத்துக்கொள்ளலாம். ரமணர் மேல் தானே எழுதி, இசையமைத்து, பாடியும் இருப்பவர் அவர். மாணிக்கவாசகரின் திருவாசகத்துக்கு அவர் அமைத்த இசை 2005 ஜூன் 30 அன்று சென்னையில் வெளியானது. ஆறே பாடல்கள், அவற்றில் ‘பொல்லா வினையேன்’ மட்டும் ஏறக்குறைய இருபது நிமிடம். சைவத் திருமுறையை ஆல்பமாக்கும் முயற்சியை முன்னின்று நடத்தியது தமிழ் மையத்தின் ஜெகத் கஸ்பர் ராஜ், ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். ஆங்கில வரிகள் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸுடையவை. வாசித்தது புடாபெஸ்ட் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா.

அதில் வாசித்த ஒரு ஹங்கேரிய வயலின் கலைஞருக்கு மாணிக்கவாசகர் யாரென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எதிரே தாள் இருக்கிறது, அதில் சுரம் இருக்கிறது, பிசகில்லாமல் வில் போடுகிறார். சேலத்தில் ஒருவர் அதைக் கேட்டுக் கண்ணீர் விடுகிறார். பக்தி எங்கே இருந்தது? வில்லிலா, தாளிலா, பாடியவர் தொண்டையிலா, கேட்டவர் கண்ணிலா?

ஸ்டூடியோவுக்குள் எட்டிப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். ஒரே வரியைப் பாடகர் எட்டுத் தடவை பாடுவார். மூன்றாவது டேக்கில் முதல் பாதி நன்றாக இருக்கும், ஆறாவதில் பின்பாதி. இரண்டையும் வெட்டி ஒட்டி, விலகிய சுருதியை கம்ப்யூட்டரில் நேராக்கினால் வரி தயார். எந்த டேக் பிரார்த்தனை? சேலத்தின் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய அந்த ஸ்டூடியோவின் படங்களில் ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைத்த பாட்டுகள் ஏராளம். சினிமாவில் அது யாரையும் உறுத்துவதில்லை. சாமி பாட்டில் மட்டும் உறுத்துகிறது. அங்கே கேட்பவர் டிக்கெட் வாங்கிய ரசிகர் அல்ல என்ற நினைப்புதான் காரணம்.

மதங்கள் இதை வெவ்வேறு விதமாக எதிர்கொண்டிருக்கின்றன. தொழுகைக்கு அழைக்கும் பாங்கை ஒலிப்பதிவில் போட்டால் செல்லாது என்பது இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பலரின் கருத்து: பாங்கு சொல்வது ஒரு வணக்கம், வணக்கத்துக்கு எண்ணம் வேண்டும், எந்திரத்துக்கு எண்ணம் கிடையாது. கிறிஸ்தவப் புனிதர் அகஸ்டின் தன் வாக்குமூல நூலில் நேரெதிர் பக்கத்திலிருந்து பயந்தார். பாட்டின் பொருளைவிடப் பாட்டின் இனிமை தன்னை அதிகம் உருக்கும்போது, தான் பாவம் செய்வதாகவே அவருக்குப் பட்டது. ஒலிப்பதிவு வருவதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய கவலை அது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு ‘பொல்லா வினையேன்’ கேட்கிறவருக்கு அது இன்றும் அப்படியே பொருந்தும்.

தமிழ் மரபு பிரதியைக் கண்டு பயப்படவில்லை. தில்லையில் மாணிக்கவாசகரிடம் ஒருவர் வந்து திருவாசகத்தைச் சொல்லச் சொல்லி ஏட்டில் எழுதிக்கொண்டு மறைந்தார். மாணிக்கவாசகர் சொல்ல அம்பலவாணன் எழுதியது என்று கையொப்பமிட்ட ஏடு பிறகு சிற்றம்பலத்தின் வாசற்படியில் கிடந்தது என்பது கதை. அப்படிப் பார்த்தால் தமிழின் முதல் பதிவுக் கலைஞர் நடராஜர்தான்! எதற்காக அவருக்கு ஒரு பிரதி? 1891-இல் வெளியான மனோன்மணீயத்தில் சுந்தரம் பிள்ளை அழகான காரணம் கற்பித்தார்: ஊழிக்காலத்தில் எல்லாம் அழிந்தபின் தனியே இருக்கும்போது பொழுதுபோக வேண்டாமா? பிரதியைக் கேட்டு இறைவனே ஆறுதல் கொள்வான் என்றால், ஆல்பத்தைப் பழிக்க நமக்கென்ன உரிமை?

ஆனால் அதே மரபில் யாழ்ப்பாணர் கதையும் இருக்கிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தரின் பதிகங்களுக்கு யாழ் வாசித்துக்கொண்டே உடன் சென்றவர். அவர் வாசிப்பால்தான் பதிகத்துக்குப் பெருமை என்று உறவினர்கள் பேசினார்கள். அவர் பதறிப்போய்ச் சம்பந்தரிடம் முறையிட, தருமபுரத்தில் சம்பந்தர் யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடினார். விரல் தோற்றது. பாணர் யாழையே உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார். அந்தத் தடுத்தலை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கருவிக்கு எல்லை உண்டு என்று காட்டியவரே, அதற்காகக் கருவியை உடைக்கவும் விடவில்லை.

விடைக்கு வெகுதூரம் போகவேண்டாம், சம்பந்தர் பதிகங்களின் கடைசிப் பாட்டே போதும். திருக்கடைக்காப்பு என்று பெயர். அதில் தன் பெயரையும் தன் ஊரான சீகாழியையும் சொல்லி, இந்தப் பாட்டுகளால் என்ன பலன், யாருக்குப் பலன் என்றும் சொல்லிவிடுகிறார். பெரும்பாலும் பலன் பாட வல்லவருக்குத்தான். திருநீலகண்டப் பதிகத்திலும் அப்படியே: பத்துப் பாட்டும் வல்லவர் வானவர் தலைவனோடு கூடுவர். இயற்றியவர் தன் கடமையை முடித்துவிட்டு, மீதியை அடுத்தவர் வாயில் விட்டுவிடுகிறார்.

ஆகவே பெட்டி பாடுவது வழிபாடு அல்ல. அதே சமயம் அது வெறும் சத்தமும் அல்ல. ஓதுவாரே இல்லாத ஊரில் தருமபுரம் ப. சுவாமிநாதனின் தேவாரப் பதிவுகளைக் கேட்டுக்கேட்டுப் பண்ணோடு பாடக் கற்றுக்கொண்ட வீடுகள் உண்டு. அங்கே ஒலிநாடா வாத்தியார் வேலை பார்த்தது. கவிஞர் வாலி ஸ்ரீரங்கத்திலிருந்து அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிய ‘கற்பனை என்றாலும்’ என்ற முருகன் பாட்டுக்கு டி.எம்.சௌந்தரராஜன் மெட்டமைத்துப் பாடி வெளியிட்டார். அது நிலைத்தது இசைத்தட்டு விற்றதால் மட்டுமா? பழனி படியேறும் யாரும் மூச்சு வாங்க முணுமுணுக்க முடிந்ததும் ஒரு காரணம். பாட்டைத் திரும்பப் பாட முடியாத அளவுக்குப் பிரம்மாண்டமாக்கும் ஆல்பம் கலையாக வெல்லலாம், வழிபாட்டுக்கு அது பாதிதான் உதவும். 2005 திருவாசகத்தின் மேலும் அந்தக் குறையைச் சொல்லத்தான் வேண்டும். அதைக் கேட்டு உருகியவர் பலர். வீட்டில் விளக்கேற்றி அதைப் பாடுகிறவர் எத்தனை பேர்?

திருநீலகண்டப் பதிகத்தில் இன்று ஏழாம் பாட்டு இல்லை. ஏடு சிதைந்ததில் போய்விட்டது. இனி வரும் பாட்டுகளுக்கு அந்தக் கதி நேராமல் ஒலிப்பதிவு பார்த்துக்கொள்ளும். அவை பாடப்படுவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். புதிதாகப் பக்தி ஆல்பம் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வரிகளையும் பண்ணையும் தாளத்தையும் அச்சிட்டுக் கொடுங்கள். கடைசியில் உங்கள் குரலை எடுத்துவிட்டு, சுருதியும் தாளமும் மட்டும் உள்ள ஒரு டிராக்கையும் சேர்த்து வெளியிடுங்கள்.