விளையாட்டும் பிள்ளைகளின் ஹக்கே

வீட்டைப் பிரிந்து அரபி மத்ரஸா விடுதிகளில் தங்கி ஓதும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம். சுப்ஹுக்கு முன்பே எழுகிறார்கள். இஷாவுக்குப் பின்னும் கிதாபும் கையுமாக இருக்கிறார்கள். மாஷா அல்லாஹ்! ஆனால் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையே அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நாம் விசாரித்ததுண்டா?

சென்ற ஆண்டு ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கினோம். பாடம் ஒப்பிக்காத பிள்ளைக்கு அங்கே தண்டனை, மாலையில் விளையாடக் கூடாது என்பதாகும். பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களின் சடுகுடுவைப் பார்த்து நின்றான். கிதாபு கையில் இருந்தது; பார்வை அதில் இல்லை. மறுநாளும் அவன் ஒப்பிக்கவில்லை. மறுநாளும் ஜன்னல்தான். அந்த உஸ்தாது இரக்கமற்றவர் அல்லர். பிள்ளை முன்னேற வேண்டுமே என்ற கவலைதான் அவருக்கு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விடுதிச் சோற்றின் ருசி அறிந்தவர்கள். தந்தையை இழந்து, அவர் விட்டுச்சென்ற பணமும் தீர்ந்தபின், உணவுக்காகவே தம்பியுடன் மத்ரஸாவில் சேர்ந்தவர்கள். ஓதி வந்த பிள்ளையைக் களைப்புத் தீர நல்ல விளையாட்டில் விட வேண்டும் என்று இஹ்யாவில் அவர்கள் எழுதுகிறார்கள். அதைத் தடுத்து ஓயாமல் படிப்பிலேயே நெருக்கினால் பிள்ளையின் கல்பு செத்துவிடும், புத்தி மழுங்கும், வாழ்வு கசந்து, படிப்பிலிருந்தே தப்பிக்கத் தந்திரம் தேடுவான் என்பது அவர்களின் எச்சரிக்கை. ஹிஜ்ரி 505இல் மறைந்த அந்த இமாம் நம் ஜன்னலோரச் சிறுவனைக் கண்டுவிட்டு எழுதியது போலல்லவா இருக்கிறது!

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் ஹக்கு உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வணக்கத்திற்கே இந்த அளவு என்றால் பாடத்திற்கு இல்லையா?

மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் நடத்திய குதிரைப் போட்டியையும் கவனியுங்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் விதாஃ வரை ஐந்தாறு மைல். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறக்குறைய ஒரு மைல்தான். பலவீனமானதைப் பலமானதோடு ஓடவிட்டு வெட்கப்படுத்தவில்லை. விடுதிகளிலோ வேகமாக ஓடும் நாலு பேர் பந்தை வைத்துக்கொள்ள, மெலிந்த பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஊர் நினைவில் அழும் பிள்ளையும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பான். உஸ்தாது ஒருவர் மைதானத்தில் நின்றால் போதும், அவனுக்கும் ஓர் அணி கிடைத்துவிடும்.

சூது கலந்த ஆட்டத்தையும், தொழுகையைத் தவறவிடும் ஆட்டத்தையும் நாம் ஆதரிக்கவில்லை. மக்ரிப் பாங்கு கேட்டதும் பந்து ஓயட்டும். அதுவரை ஆடட்டுமே! 5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியது. அஸருக்குப் பின்னுள்ள நேரம் அதற்குப் போதும்.

நாம் தங்கிய விடுதியில் புதுக் கட்டடத்துக்கென இறக்கிய செங்கல் மைதானத்தில் பாதியை அடைத்துக் கிடந்தது. புறப்படும்போது நாஜிர் அவர்களிடம் சொன்னோம். ஷஃபான் விடுமுறைக்குள் அகற்றிவிடுவதாகச் சொன்னார்கள். அந்தச் சிறுவனைப் பற்றியும் சொன்னோம். அதற்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார்கள்.