இன்னும் ஓராண்டு கேட்டவர்



பொதுக்காலம் 29ஆம் வாரச் சனிக்கிழமைக்கென்று திருச்சபை குறித்துவைத்திருக்கும் நற்செய்தி லூக்கா 13:1-9. காய்க்காத அத்திமரத்தின் உவமை. ஆண்டுதோறும் அக்டோபர் பிற்பகுதியில் இது வரும். ஆஸ்டின் நகரத்தில் அக்டோபர் சனிக்கிழமை எப்படிப்பட்ட நாள் என்று இங்கே குடியிருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆட்டம் உள்ளூரில் நடந்தால், கோயிலுக்கு வருகிற வழியெல்லாம் ஆரஞ்சுச் சட்டைதான். இன்று ஆட்டம் மிசிசிப்பி மாநிலத்து ஸ்டார்க்வில்லில். ஆகவே தெரு காலியாக இருக்கிறது. ஆனால் பிற்பகலில் உங்களில் பலர் தொலைக்காட்சி முன்னால் உட்காருவீர்கள் என்பதை அறிவேன். உட்காருங்கள், அதில் பிழை ஏதும் இல்லை. பார்க்கும்போது நம் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெரியவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இங்கே ஃபுட்பால் என்பது நம் ஊர்க் கால்பந்து இல்லை. இரண்டு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள், பிடிப்பார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து வந்துசேர்வது குவார்ட்டர்பேக் எனப்படும் ஒருவர் கைக்கு. ஆறடிக்கு மேல் உயரமும் நூறு கிலோவுக்கு மேல் எடையும் உள்ளவர்கள் அவரை வீழ்த்தப் பாய்ந்து வருவார்கள். இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று அவர் முடிவுசெய்ய வேண்டும். வென்றாலும் அவர் பெயர்தான், தோற்றாலும் அவர் பெயர்தான். ஆடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். பார்க்க வருகிறவர்கள் ஒரு லட்சம் பேர்.

குவின் யூவர்ஸ் என்ற பிள்ளை 2022, 2023, 2024 என்று மூன்று பருவங்கள் இங்கே அந்தப் பொறுப்பில் இருந்தார். டாலஸை ஒட்டிய சவுத்லேக்கில் வளர்ந்தவர். மூன்று பருவத்திலும் அவர் உடலில் அடி விழுந்தது. 2022 செப்டம்பரில் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே தரையோடு அழுத்தப்பட்டுக் காறை எலும்பின் மூட்டில் காயம். 2023 அக்டோபரில் ஹூஸ்டனில், பந்து எறிகிற தோளிலேயே காயம். 2024 செப்டம்பர் 14 அன்று, இதே பல்கலைக்கழக அமைப்பின் சான் அன்டோனியோ வளாகத்து அணியோடு ஆடியபோது, விலாவுக்குக் கீழே வயிற்றின் பக்கவாட்டுத் தசையில் காயம்.

இந்தக் கடைசிக் காயத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். எறிகிறவருக்குக் கைதானே முக்கியம், வயிற்றுத் தசையில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். களத்துமேட்டில் கதிர் அடித்துப் பழகியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அடியின் வலு எங்கிருந்து வருகிறது என்று அவர்களைக் கேளுங்கள். பாதத்தில் பிறந்து இடுப்பில் முறுக்கேறிப் பக்கவாட்டுத் தசை வழியாகத் தோளுக்கு ஏறும், அதன் பிறகுதான் கைக்கு வரும். பந்து எறிவதும் அப்படித்தான். அந்தத் தசை வலிக்கும்போது ஒவ்வொரு எறிதலுக்கும் உடம்பு தன்னையறியாமல் கொஞ்சம் பின்வாங்கும். பந்து ஒரு முழம் முன்னாலோ பின்னாலோ விழும். அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குப் பந்து விழுந்த இடம் தெரியும், தசை தெரியாது.

யூவர்ஸ் வெளியேறிய அந்த மாலையே அவருக்குப் பதிலாக ஆர்ச் மேனிங் உள்ளே வந்தார். புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் ஆர்ச்சி மேனிங்கின் பேரன், அதே இடத்தில் ஆடிய பெய்ட்டன், ஈலை இருவருக்கும் அண்ணன் மகன். வந்தவர் நான்கு முறை, எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்க்கும் டச் டவுனுக்கு எறிந்தார், 67 கெஜம் தானே ஓடி இன்னொன்றும் அடித்தார். அன்றிலிருந்து ஊரில் ஒரே பேச்சு. அலுவலகத்திலும் கடையிலும், நம் ஞாயிற்றுக்கிழமைக் காப்பி மேசையிலும் அதே பேச்சுதான். இவரை உட்கார வை, அவரை இறக்கு.

காயம் பட்டு ஒரு மாதம் முடிவதற்குள், அக்டோபர் 12 அன்று யூவர்ஸ் திரும்பி வந்தார். ஓக்லஹோமாவை 34–3 என்று வென்றார்கள். அடுத்த சனிக்கிழமை, அக்டோபர் 19, ஜார்ஜியா அணி ஆஸ்டினுக்கு வந்தது. டெக்சஸ் அப்போது நாட்டின் முதலிடத்தில் இருந்தது. முதல் பாதி முடிந்தபோது 23–0 என்று பின்தங்கியிருந்தது. யூவர்ஸ் திரும்பத் திரும்ப வீழ்த்தப்பட்டார், பந்தைப் பறிகொடுத்தார். பயிற்சியாளர் ஸ்டீவ் சார்க்கிசியன் அவரைச் சற்று நேரம் வெளியே உட்காரவைத்து ஆர்ச்சை அனுப்பினார். அப்போது எழுந்த ஆரவாரத்தை, ஓரத்தில் தலைக்கவசத்தைக் கழற்றி நின்ற 21 வயதுப் பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இரண்டாம் பாதியில் நடுவர் தீர்ப்பு ஒன்றின் மேல் கோபப்பட்டுக் கூட்டம் களத்துக்குள் பாட்டில்களை எறிந்தது. அதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம். ஆட்டம் 30–15 என்று தோல்வியில் முடிந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை, அக்டோபர் 26. அன்றும் திருச்சபை வாசித்தது இதே அத்திமரத்தைத்தான்.

உவமையில் உரிமையாளர் சொல்கிறார்: மூன்று ஆண்டுகளாக வந்து பார்க்கிறேன், கனி இல்லை, வெட்டிவிடு, இடத்தை ஏன் அடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று. யூவர்ஸுக்கும் மூன்று பருவங்கள் ஆகியிருந்தன. பொருத்தம் தற்செயலானதுதான், அதன்மேல் பெரிதாக எதையும் கட்ட நான் விரும்பவில்லை. ஆனால் உரிமையாளரின் பசியை ஏளனம் செய்யவும் எனக்கு மனமில்லை. டெக்சஸ் கடைசியாகத் தேசியப் பட்டம் வென்றது 2006 ஜனவரியில். இருபது ஆண்டுகளாகக் கனிக்குக் காத்திருக்கிற ஊர் இது. எதிர்பார்ப்பு பாவம் ஆகாது. தோல்வியைத் தோல்வி என்று சொல்வதும் பாவம் ஆகாது.

தோட்டக்காரர் என்ன சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். மரம் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் கண்ணில் கோளாறு என்று அவர் வாதாடவில்லை. கனி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறார். இந்த ஆண்டும் இருக்கட்டும், சுற்றிலும் நான் கொத்தி எருப் போடுகிறேன் என்கிறார். அவகாசம் கேட்கும்போதே தன் முதுகை வளைக்கவும் முன்வருகிறார். வெட்டச் சொன்னவரின் கையில் மண்வெட்டி இல்லை, இவர் கையில் இருக்கிறது. வேரடி மண் இறுகிப் போயிருப்பது கொத்துகிறவருக்குத்தான் தெரியும். கிளையை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது தெரிய வழியில்லை. மரங்களுக்குக்கூட அவகாசம் கொடுத்த சட்டத்தில் வளர்ந்த மக்கள் இந்த உவமையைக் கேட்டவர்கள். லேவியர் 19ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். நட்ட மரத்தின் கனியை முதல் மூன்று ஆண்டுகள் தொடக்கூடாது, நான்காம் ஆண்டுக் கனி கடவுளுக்கு, ஐந்தாம் ஆண்டுதான் மனிதர் உண்ணலாம்.

பிறகு யூவர்ஸுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கணுக்காலிலும் அடிபட்ட நிலையில் அவர் ஆடி முடித்தார். 2025 புத்தாண்டு நாளில் அட்லாண்டாவில், அரிசோனா ஸ்டேட் அணியோடு கூடுதல் நேரத்தில், கடைசி வாய்ப்பில் 13 கெஜம் தேவைப்பட்டபோது, மேத்யூ கோல்டனுக்கு 28 கெஜம் எறிந்து அணியைக் காப்பாற்றினார். ஒன்பது நாள் கழித்து அரையிறுதியில் ஒஹையோ ஸ்டேட்டின் ஜாக் சாயர் அவர் கையிலிருந்த பந்தைத் தட்டிப் பறித்து 83 கெஜம் ஓடினார். முன்பு அந்தப் பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். தோல்வியோடு யூவர்ஸின் கல்லூரிக் காலம் முடிந்தது. தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 231ஆவது ஆளாகத்தான் அவரை மயாமி எடுத்தது.

கூட்டம் கேட்ட ஆர்ச் மேனிங் வந்துவிட்டார். 2025 பருவம் தொடங்கும் முன்பே நாட்டின் முதல் அணி என்று டெக்சஸுக்குப் பட்டம் சூட்டினார்கள், வரலாற்றில் முதல் முறையாக. ஆகஸ்ட் 30 அன்று ஒஹையோ ஸ்டேட்டிடம் 14–7 என்று தோல்வி. செப்டம்பர் 13 அன்று பல்கலைக்கழக அமைப்பின் எல் பாசோ வளாகத்து அணியோடு சொந்த அரங்கில் ஆட்டம். எறிந்த 25இல் 11 மட்டுமே போய்ச் சேர்ந்தன. அணி வென்றது, 27–10. அப்படியும் சொந்த மக்களே அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள். முந்தைய ஆண்டு யாருக்காக ஆர்ப்பரித்தார்களோ அவரை, அதே ஆரஞ்சுச் சட்டையோடு, அதே இருக்கைகளில் இருந்து. அவருக்கும் வயது 21தான்.

அதற்கு முந்தைய வாரம் பந்து எறிந்தபோது அவர் முகம் சுளித்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். தோளில் காயம் இருக்கிறது, மறைக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. காயம் ஏதும் இல்லை என்று பயிற்சியாளர் சொன்னார். கூட்டத்துக்கு அது போதவில்லை. ஏதாவது காரணம் வேண்டும்: ஒன்று உடம்பு கெட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் கெட்டிருக்க வேண்டும்.

இன்றைய நற்செய்தியின் முதல் பகுதிக்கு இப்போது திரும்பிப் போவோம். உவமையை நினைவில் வைத்துக்கொள்ளும் நாம் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறோம். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். செத்தவர்கள் என்ன தவறு செய்தார்கள் என்ற கேள்வி அந்தச் செய்திக்குள் ஒளிந்திருக்கிறது. ஆண்டவர் அதை வெளியே எடுத்துப் போடுகிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரையும் தாமாகவே சேர்த்துக்கொள்கிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை என்கிறார். பிறகு கேட்டவர்கள் பக்கமே திரும்பி, நீங்கள் மனம் மாறுங்கள் என்கிறார். விழுந்தவரைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் விசாரிக்கப்படுகிறார்கள். அதன் பிறகுதான் அத்திமரத்தின் கதையைத் தொடங்குகிறார்.

நீங்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். இவர்கள் இப்போது வெறும் மாணவர்கள் இல்லையே சாமி, கோடிக்கணக்கில் வாங்குகிறார்களே, வாங்குகிறவன் பேச்சையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்பீர்கள். உண்மைதான். 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க மாணவர்களுக்கு உரிமை உண்டு, 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். வேலையாளுக்குக் கூலி உரியது என்று சொன்னவர் ஆண்டவர்தான். கூலி வேலைக்கு. அந்தக் கூலியை வாங்கியதால் ஒரு பிள்ளையின் தன்மானம் நம்முடையதாகிவிடாது. அந்தக் கூலியை நாம் கொடுக்கவும் இல்லை. வேறொரு பணம்தான் எனக்குக் கவலை தருகிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்துவிட்ட பிறகு, ஒரு மாணவனின் ஒவ்வோர் எறிதல்மேலும் யாரோ பந்தயம் கட்டுகிறார்கள். சூதாடுகிறவர்கள் உள்விவரம் கேட்டுப் பிள்ளைகளை நச்சரிப்பதைக் குறைக்கவே, டெக்சஸ் ஆடுகிற தென்கிழக்கு லீக் 2024ஆம் ஆண்டிலிருந்து யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்ற பட்டியலை ஆட்டத்துக்கு முன்பே வெளியிடுகிறது. ஆடுவாரா என்று அந்தப் பட்டியல் சொல்லும். எவ்வளவு வலிக்கிறது என்று சொல்லாது.

நம் வீடுகளிலும் அப்படி ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் வருத்தம். என்னிடம் வந்து மனம்விட்டுப் பேசுகிற மாணவர்கள் பலர் சொல்வது ஒன்றே: அப்பா மார்க்கைக் கேட்கிறார், அம்மா இன்டர்ன்ஷிப் கிடைத்ததா என்று கேட்கிறார், தூக்கம் வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. தொலைக்காட்சியில் ஓடுகிற பிள்ளையைப் பார்த்து, இவன் எதற்கும் லாயக்கில்லை, தூக்கிப் போடுங்கள் என்று நாம் கத்தும்போது, சோபாவின் மறுமுனையில் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான். அவன் அந்தச் சொற்களை யூவர்ஸுக்கோ மேனிங்குக்கோ உரியவை என்று எடுத்துக்கொள்வதில்லை. தவறினால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். அடுத்த முறை அவனுக்கு அடிபட்டால் நம்மிடம் காட்டமாட்டான்.

முதல் வாசகத்தில் பவுல் உரோமையருக்கு எழுதியதைக் கேட்டீர்கள். கிறிஸ்துவோடு இணைந்தவர்களின் தலைக்குமேல் இனித் தீர்ப்பு தொங்குவதில்லை என்கிறார். ஞாயிறுதோறும் அந்தச் சலுகையை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் நாம். நம்முடைய கனியில்லாத ஆண்டுகள் எத்தனை என்று தோட்டக்காரருக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அவர் கொத்தியிருக்கிறார்.

ஆகவே நான் கேட்பது ஒரு வேலை. நம் ஊர்களிலிருந்து இந்தப் பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்கு வந்து, வாடகை அறையில் நான்கு பேராக, கடன் கணக்கோடு இருக்கிற பிள்ளைகள் உங்களுக்குத் தெரியும். சிலர் இந்தப் பருவத்தில் பாடங்களில் தடுமாறுகிறார்கள். இன்று மதியம் ஆட்டம் பார்க்க அவர்களில் ஒருவரையோ இருவரையோ வீட்டுக்கு அழையுங்கள். சோறு போடுங்கள். படிப்பு எப்படிப் போகிறது என்று தொடங்காதீர்கள். சாப்பிட்டு முடித்த பிறகு அவர்களாகவே ஏதாவது சொல்வார்கள். மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் நம்மிடையே இருக்கிறீர்கள், பேராசிரியர்களும் இருக்கிறீர்கள். உங்கள் தொலைபேசி எண்ணை மாணவர் பணிக்குழுவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மன்றாட்டுகளில் இரண்டு கருத்துகளைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று, இன்று ஸ்டார்க்வில்லில் களமிறங்கும் இரண்டு அணிப் பிள்ளைகளுக்காகவும், ஆர்ச் மேனிங்குக்காகவும், அவர்களை அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்போடு பார்த்துக்கொண்டிருக்கும் அவர்களுடைய தாய்மாருக்காகவும். மற்றொன்று, தங்கள் காயத்தை நம்மிடம் சொல்லத் தயங்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்காக. எழுந்து நிற்போம்.