தோல்வியின் நினைவும் பற்றின் அறமும்

உதைபந்தாட்டக் கழகமொன்றிலே நீண்டகாலம் பற்று வைத்தவர்கள் ஒன்றுகூடி உரையாடும்போது விந்தையான ஓரியல்பைக் காணலாம். வென்ற கிண்ணங்களைப் பற்றிய பேச்சு விரைவில் முடிந்துவிடும். தோற்ற காலங்களைப் பற்றிய பேச்சோ எளிதில் முடிவதில்லை. எந்த ஆண்டின் அணி யாவற்றினும் மோசமானது, எந்தப் பின்கள வீரர் தம் பக்கக் கோலுக்குள்ளேயே பந்தை அடித்தார், எந்த முன்கள வீரர் பருவம் முழுவதும் ஒரு கோலேனும் போடாமல் ஆடி மறைந்தார் என்பனவற்றை ஒருவரையொருவர் விஞ்சும் ஆர்வத்தோடு நினைவுகூர்வர். ஏனையோர் மறந்துவிட்ட ஒரு வீரரின் பெயரைச் சொல்லக்கூடியவர் அக்கூட்டத்திலே தனிமதிப்புப் பெறுவார்.

கரவெட்டியிலும் அதன் அயற் கிராமங்களிலும் வாசிகசாலைத் திண்ணைகளிலே இத்தகைய பேச்சு நமக்குப் பழக்கமானதே. வடமராட்சியிற் கழகம் என்பது விளையாடுவோரின் சங்கம் என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. வதிரி டயமன்ட்ஸ், நவிண்டில் கலைமதி என்னும் பெயர்களிலே ஊரின் பெயர் முன்னிற்பதை நோக்குக. அணி தோற்கும்போது ஊர் தோற்றதாகவே கொள்ளப்படுகின்றது. அங்ஙனமாயின், மறைக்கவேண்டிய தோல்வியை மனிதன் ஏன் விரும்பி நினைக்கின்றான்? அவ்வாறு நினைப்பது அன்பின் செயலா, அன்றி இயலாதவரை எள்ளும் கொடுமையா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பற்று என்பதன் தன்மையை நோக்குவோம். நட்பினைப் பயன்கருதியது, இன்பங்கருதியது, பண்புகருதியது என அரிஸ்ரோட்டில் மூவகைப்படுத்தினார். பயனும் இன்பமும் கருதிய நட்புகள் அவை தீர்ந்தவுடன் தாமும் தீர்ந்துபோம். கழகத்தின் மீதான பற்றையும் இவ்வாறே சோதிக்கலாம். வெற்றியின் காலத்திலே அரங்கை நிரப்புவோரிற் பற்றுடையார் யார், இன்பம் நாடி வந்தார் யார் எனப் பிரித்தறிய வழியில்லை. தோல்வியே அவர்களைப் பிரித்துக் காட்டுகின்றது.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் மன்செஸ்ரர் சிற்றிக் கழகமாகும். 1996இல் முதன்மைப் பிரிவிலிருந்து வீழ்ந்த அக்கழகம், 1998இல் மேலும் ஒருபடி வீழ்ந்து மூன்றாந்தரப் பிரிவை அடைந்தது. அந்நிலையிலும் அதன் சொந்த மைதான ஆட்டங்களைக் காணச் சராசரியாக 28,000 பேர் வரையில் வந்தனர். 1999 மே 30ஆந் திகதி வெம்பிளி அரங்கிலே கில்லிங்ஹாம் அணியுடன் நடந்த தரமுயர்வு ஆட்டத்தில், 90 நிமிடம் நிறைவுறும் தறுவாயிலும் இரண்டு கோல்களாற் பின்தங்கியிருந்து, இறுதிக்கணங்களிற் சமன்செய்து, தண்டனை உதைகளால் வென்றது. 2008இல் அபுதாபியின் செல்வம் அக்கழகத்தை வாங்கியது. 2023இல் ஒரே பருவத்தில் மூன்று பெருங்கிண்ணங்களை அது வென்றது. ஆயினும் அதன் மூத்த இரசிகர்கள், நாம் மோசமாக ஆடிய நாளில் நீ அங்கிருந்தாயா எனப் புதியவரைக் கேட்கும் பாட்டொன்றை இன்றும் பாடுகின்றனர். அவர்களுடைய பெருமை, கிண்ணங்கள் மட்டும் தரமுடியாத வேறொன்றிலே தங்கியிருக்கின்றது. செல்வத்தால் வீரரை வாங்கலாம். மூன்றாந்தரப் பிரிவிலே மழையில் நனைந்து நின்ற மாலைப்பொழுதை எவரும் பின்னாளில் வாங்கமுடியாது.

பிரெஞ்சு அறிஞர் ரெனான் 1882இல் சோர்போனில் ஆற்றிய உரையிலே, மக்கட்கூட்டத்தைப் பிணைப்பதிற் கூட்டாக அனுபவித்த மகிழ்ச்சியினும் கூட்டாக அனுபவித்த துன்பமே வலியது என்றும், துன்பம் கடமைகளை விதிக்கின்றது என்றும் கூறினார். தேசியம் பற்றிக் கூறப்பட்ட இக்கருத்துக் கழகங்களுக்கும் பொருந்தும். வெற்றியை நினைப்பவன் மகிழ்வதோடு அமையலாம். தோல்வியை நினைப்பவனோ, இனி என் செய்வது என்று எண்ணவேண்டியவனாகின்றான்.

தமிழ் மரபு தோல்வியை எவ்வாறு நினைந்தது என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. பரணி இலக்கியம் தோற்றவர் பெயராலேயே வழங்கும். வென்றது சோழர் படை. நூலின் பெயரோ கலிங்கத்துப்பரணி. தக்கயாகப்பரணியும் அவ்வாறே அழிவுற்ற தக்கனின் வேள்வியாற் பெயர்பெற்றது. எனினும் அங்கே தோற்றவன் பெயர் வென்றவனின் புகழை உயர்த்துவதற்கே பயன்படுகின்றது. இதனின் வேறானது வெண்ணிப் போர் பற்றிய நினைவு. கரிகாலனோடு பொருது முதுகிற் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், அதற்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான். வெண்ணிக் குயத்தியார் புறநானூற்றுப் பாடலொன்றிலே, வென்ற கரிகாலனை நேரே விளித்து, அவனினும் தோற்றவனே நல்லவன் அல்லனோ என வினவுகின்றார். வெற்றி வேறு, மேன்மை வேறு என்ற தெளிவு நம் மரபிற்குப் புதிதன்று. ஆயினும் இவ்விரண்டு வகையிலும் தோல்வியைப் பாடியவர் தோற்றவரல்லர். இரசிகனோ தன் தோல்வியைத் தானே சொல்கின்றான். அவன் நிலையின் சிறப்பும் இடரும் இதிலேதான் உள்ளன.

அவ்விடர்களுள் முதலாவது, தோல்வியைத் தாங்கவியலாத பற்றாகும். நமக்கு அண்மையில் உள்ள கல்கத்தாவே இதற்குச் சான்று. 1975 செப்ரெம்பர் 30ஆந் திகதி ஐ.எப்.ஏ. கேடய இறுதியாட்டத்திலே ஈஸ்ற் பெங்கால் அணி மோகன் பகானை ஐந்துக்குச் சுழியம் எனத் தோற்கடித்தது. அத்தோல்வியைப் பொறாத ஓர் இளம் இரசிகர், அடுத்த பிறவியில் மோகன் பகானின் சிறந்த வீரராகப் பிறந்து பழிதீர்ப்பேன் என எழுதிவைத்துவிட்டுத் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். இதனைப் பற்றின் உச்சம் எனப் புகழ்வாருளர். அது தவறு என்பதே எமது கருத்து. கழகத்தின் வாழ்வு பல தலைமுறைகளுக்கு உரியது. அதன் ஒரு நாளைத் தன் முழு வாழ்வாகக் கொண்டவர், கழகம் மீண்டும் எழுவதைக் காணும் வாய்ப்பைத் தாமே இழந்தார். பிற்காலத்தில் அத்தோல்வியைச் சொல்லிச் சிரிக்கவும் வருந்தவும் இருந்திருக்கவேண்டியவர்களுள் அவரும் ஒருவர்.

இரண்டாவது இடர் இதனினும் பரவலானது. அது, கூட்டத்தின் தோல்வியை ஒரு தனிமனிதன் தலையிற் சுமத்துதல். 1950 யூலை 16ஆந் திகதி மரக்கானா அரங்கிலே உருகுவேயுடன் சமநிலை எய்தினாலே உலகக்கிண்ணம் பிறேசிலுக்கு என்ற நிலை இருந்தது. ஆட்டம் முடிய ஏறத்தாழப் பத்து நிமிடம் இருக்கையில் உருகுவே இரண்டாவது கோலை அடித்து வென்றது. பிறேசிலின் கோல் காப்பாளர் மொவாசிர் பார்போசா தம் காலத்தின் தலைசிறந்த காப்பாளருள் ஒருவர். ஆயினும் அந்த ஒரு கோலுக்காக அவர் 2000ஆம் ஆண்டு இறக்கும்வரை நிந்திக்கப்பட்டார். 1993இல் தேசிய அணியின் பயிற்சிமுகாமைக் காணச் சென்றபோது, தீயசகுனம் எனக் கருதி அவரைத் திருப்பி அனுப்பினர். தமது நாட்டிலே குற்றத்துக்குரிய மிகக்கூடிய தண்டனை முப்பது ஆண்டுகளே, தாமோ ஐம்பது ஆண்டுகளாகத் தண்டனை அனுபவிப்பதாக அவர் கூறி வருந்தினார். அவர் கறுப்பினத்தவர் என்பதும் அப்பழி நிலைத்தமைக்கு ஒரு காரணம் என்பர். பிறேசில் மக்களும் தோல்வியை நினைந்தனர். ஆனால் ‘நாம் தோற்றோம்’ என நினையாது ‘அவன் தோற்கடித்தான்’ என நினைந்தனர். இரு வாக்கியங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு இலக்கண வேறுபாடு போலத் தோன்றினும், அதுவே ஒழுக்க வேறுபாடாகும்.

இனி, நகை பற்றிய வினாவுக்கு வருவோம். இயலாத வீரரை நினைந்து சிரிப்பது தகுமா? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நிலைக்களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைக் கூறும். ஆகவே எல்லா நகையும் எள்ளல் அன்று. 1996 நவம்பர் 23ஆந் திகதி இங்கிலாந்தின் சவுதாம்ரன் கழகத்திற்கு ஆடிய செனகல் நாட்டவரான அலி டியாவை எண்ணுக. அவர் புகழ்பெற்ற வீரர் ஜோர்ஜ் வேயாவின் உறவினர் எனக் கூறிய பொய்யான தொலைபேசி அழைப்பொன்றை நம்பி அவரை அணியிற் சேர்த்தனர். லீட்ஸ் அணிக்கெதிரான ஆட்டத்தில் 32ஆம் நிமிடத்தில் மாற்றுவீரராக இறங்கிய அவரை, ஆடத்தெரியாது அலைவதைக் கண்டு 85ஆம் நிமிடத்தில் வெளியேற்றினர். மிக மோசமான வீரர் யார் என்ற பேச்செழும் இடமெல்லாம் அந்த 53 நிமிடங்கள் நினைக்கப்படுகின்றன.

சவுதாம்ரன் இரசிகர் இதனைச் சொல்லும்போது நகைப்புக்குரியவர் யார்? விசாரியாது நம்பிய முகாமையாளர், அன்று நம்பிக்கையோடு கைதட்டிய தாம், யாவரும் அந்நகைக்குள் அடங்குவர். அது பேதைமை பற்றி எழும் நகை, சொல்பவனையும் உள்ளடக்கியது. மாறாக, அம்மனிதரை மட்டும் நிறுத்திச் சிரித்தால் அது எள்ளலாகிவிடும். அவரோ பின்னர் இங்கிலாந்திலேயே பல்கலைக்கழகக் கல்வி பயின்று தம் வழியிற் சென்றவர். ஒரு மனிதனின் வாழ்வை 53 நிமிடங்களுக்குள் அடைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. இடுக்கணழியாமை என்ற அதிகாரத்திலே துன்பத்தை எதிர்கொள்ளும் வழியாக வள்ளுவர் நகையைச் சுட்டினார். அங்கே நகைப்பவன் தனக்குற்ற துன்பத்தையே நோக்கி நகைக்கின்றான் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். தோல்வியை இனிமையாக நினைக்கப் பழகியவர் தோல்விக்குக் காரணமானோரைக் கேள்வி கேட்க மறந்துவிடுவர் அன்றோ? இத்தடை வலிமையுடையதே. இலங்கைத் தேசிய அணி 1964இல் கொழும்பிலே கிழக்கு ஜேர்மனியிடம் பன்னிரண்டுக்கு ஒன்று எனத் தோற்றது. அதனை இன்று நாம் புன்னகையோடு சொல்லலாம். ஆனால் 2023 சனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி, அவ்வாண்டு ஆகஸ்டிலே அத்தடையை நீக்கியதைப் புன்னகையோடு சொல்ல இயலாது. அது ஆடுகளத்தில் நேர்ந்த தோல்வியன்று, நிருவாகத்தின் சீர்கேடு. வீரனின் இயலாமையைப் பொறுக்கும் பற்று, பொறுப்பிலுள்ளாரின் தவற்றையும் சேர்த்துப் பொறுத்தல் வேண்டும் என்பதில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கும் துல்லியமான நினைவே துணையாகும்.

இவ்வளவும் ஆராய்ந்தபின் கரவெட்டியை நோக்கின் இவ்வினா வேறொரு கனத்தைப் பெறுகின்றது. மன்செஸ்ரர் சிற்றியின் மோசமான காலம் விளையாட்டின் மோசமான காலமே. வடமராட்சிக் கழகங்களின் மோசமான காலமோ ஊரின் மோசமான காலமாகும். 1987 மே மாதம் வடமராட்சி இராணுவ நடவடிக்கை தொடங்கியது. பிள்ளைகள் பந்துதைக்கவேண்டிய நெல்லியடி மத்திய மகாவித்தியாலயம் இராணுவ முகாமாகி, அவ்வாண்டு யூலை 5ஆந் திகதி தாக்குதலுக்குள்ளானது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தனர். 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது. இக்காலம் முழுவதும் ஆடக்கூடிய வயதினர் கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் சென்றனர், இயக்கங்களிற் சேர்ந்தனர், கொல்லப்பட்டனர், காணாமலாயினர்.

இத்தகைய காலத்திலே பதினொருவரைத் திரட்டுவதே ஒரு கழகத்தின் பெருஞ்செயலாகும். சிறந்தவர் இல்லாத இடத்திலே இருந்தவர் ஆடினர். முதிர்ந்தவர் மீண்டும் காலணி கட்டினர்; மீசை அரும்பாத சிறுவர் பின்களத்திலே நின்றனர். அவர்கள் தோற்றிருப்பர், பல கோல்களால் தோற்றிருப்பர். அமைதிக்காலத்து அளவுகோலால் அளப்பின் அவர்கள் மறக்கத்தக்க வீரர்களே. ஆயினும் அவர்கள் ஆடியமையினாலேயே கழகத்தின் பெயர் அறுபடாது அடுத்த தலைமுறையின் கைக்கு வந்தது. மறக்கத்தக்கவர் என நாம் சொல்வோர்க்கே நாம் மிகுதியும் கடன்பட்டிருக்கின்றோம்.

மற்றொன்றும் உண்டு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வாழும் நம்மூரவர் கூடும்போது, பழைய தோல்வியொன்றை நினைந்து, அன்று வலப்புறத்தில் ஆடியவன் யார் எனக் கேட்பர். ஒருவர் பெயரைச் சொல்வார், சிரிப்பெழும், அவன் இப்போது எங்கே என்ற வினா அடுத்து வரும். சிலவேளை அவ்வினாவுக்கு விடை இருப்பதில்லை. நினைவுக்கல்லும் பாடலும் பெறாத பலருக்கு, தவறவிட்ட பந்தொன்றின் கதையே எஞ்சிய ஒரே பதிவாக இருத்தல் கூடும். அக்கதையை மேன்மைப்படுத்தி அவரை வீரராக்குதலும் தகாது, எள்ளலாக்குதலும் தகாது. உள்ளவாறு சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

ஆகவே, தோல்வியை நினைத்தல் மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டு அறமாகும் எனலாம். சொல்பவன் தன்னையும் அத்தோல்விக்குள் நிறுத்துதல் வேண்டும். தனியொருவர்மேற் பழியைச் சுமத்துதல் ஆகாது. இயலாதவராயினும் நின்று ஆடியவர்க்குரிய கடனை ஏற்றல் வேண்டும். இவற்றுள் இறுதியானதைச் செயற்படுத்தச் சிறியதொரு வழியுண்டு. நம் கழகங்கள் ஆண்டுவிழா மலர்களை வெளியிடும்போது கிண்ணம் வென்ற அணிகளின் படங்களை அச்சிடுகின்றன. அவற்றோடு, ஒன்றும் வெல்லாத ஆண்டுகளில் ஆடியவர்களின் பெயர்களையும், அவற்றை நினைவிற் கொண்ட முதியோர் வாழும்போதே கேட்டறிந்து, ஆண்டுவாரியாக அச்சிடலாம். கரவெட்டியிலிருந்து பல்கலைக்கழகம் வந்துள்ள மாணவர் அப்பணியை விடுமுறையொன்றிலே தொடங்கலாம்.