இழுத்துப் போட்டுக்கொள்வது

மாகறலில் என் அத்தை ஒருத்தி இருந்தாள். விடியுமுன் வாசலில் சாணம் தெளிப்பது முதல் இரவில் கொல்லைக் கதவைத் தாழிடுவது வரை அந்த வீட்டில் எல்லாம் அவள் கைதான். மருமகள் அம்மியருகே போனால், "நீ போய் உட்காரம்மா, நான் பார்த்துக்கறேன்" என்பாள். "எல்லாத்தையும் இழுத்துப் போட்டுண்டு செய்யறாள், மகராசி!" என்று ஊரே சொல்லும். லீவுக்குப் போய் உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்ட நானும் சொல்லியிருக்கிறேன்.

ஓர் ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்து அத்தை படுத்துவிட்டாள். புளிப்பானை எது, விதைநெல் எந்தக் குதிரில் என்று மருமகளுக்குத் தெரியவில்லை. பத்து வருஷம் அவள் அந்த வீட்டில் விருந்தாளியாகவே இருந்திருக்கிறாள்.

சிங்கப்பூரில் முன்பு ஒரு வீட்டின் சமையல், துணி, குழந்தை எல்லாவற்றையும் தனி ஆளாகச் செய்த சீனப் பணிப்பெண்ணைக் கான்டன் மொழியில் 'ஒரே உதை' என்று பொருள்படும் சொல்லால் குறிப்பார்கள். அது பிழைப்புக்காக ஏற்ற சுமை. நம் சொல்லிலோ 'கொள்' என்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுப்பவரும் நாமே; பெறுபவரும் நாமே. பெறுவது என்ன? நானில்லாவிட்டால் நடக்காது என்கிற ருசி.

மாகறல் பக்கத்து உத்திரமேரூரில், முதற் பராந்தகன் காலத்தில், 921-ஆம் ஆண்டில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். குடவோலையில் பெயர் வந்தவருக்கு ஓராண்டுப் பணி. பிறகு மூன்றாண்டு அவர் பெயர் குடத்தில் விழக் கூடாது. நிலமும் வேதமும் உள்ள அந்தணருக்கு மட்டுமே இடம் தந்த சபை அது. குறை சொல்ல நிறைய உண்டு. ஆனாலும் ஒன்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. ஏரி காத்தவன் உத்தமனாகவே இருந்தாலும் விலகத்தான் வேண்டும். மதகைத் திறக்க அடுத்தவனுக்கும் தெரிய வேண்டாமா?

அத்தையை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'மகராசி' என்ற ஒரு வார்த்தையைக் கூலியாகக் கொடுத்து நாங்கள் எல்லோருமே அவளிடம் வேலை வாங்கினோம். பிறர் வேலையைப் பிடுங்குவது ஒரு பேராசையென்றால், அதைப் புகழ்ந்து வளர்ப்பது சோம்பலின் தந்திரம்.

மருமகள் முதன்முதலாக ரசம் வைத்த அன்று, "எப்படி இருந்தது?" என்று படுக்கையிலிருந்தே கேட்டாள் அத்தை. நன்றாகத்தான் இருந்தது; சொன்னேன். "அப்படியா" என்றாள். பிறகு வெகுநேரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.